மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது?

மிக்கேல் எண்டேயின் ‘மோமோ’ 1973-இல் ஜெர்மன் மொழியில் வந்த நாவல். சிறுவர் கதை என்று சொன்னதால் ரெண்டு நாளில் முடித்துவிடலாம் என நினைத்தேன். முதல் ஐம்பது பக்கத்துக்கே மூன்று வாரம் ஆனது. பக்கத்துக்கு ஒருமுறை கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. வெறுத்துப்போய் திரை நேரத்தைக் கட்டுப்படுத்தும் செயலி ஒன்றைப் போட்டேன். ‘இன்று 47 நிமிடம் மிச்சம்’ என்று அது பாராட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, முடிதிருத்துநர் ஃபூசியின் அத்தியாயம் வரும்வரை.

ஃபூசிக்கு 42 வயது. நேரச் சேமிப்பு வங்கியிலிருந்து சாம்பல் நிற மனிதர் ஒருவர் கடைக்கு வந்து, அவர் வாழ்ந்த காலத்தை விநாடிகளாக்கிக் கணக்குப் போடுகிறார். தூக்கம், வேலை, சாப்பாடு, காது கேட்காத அம்மாவோடு உட்காரும் ஒரு மணி நேரம், நடக்க முடியாத தாரியாவுக்குத் தினமும் பூ கொண்டுபோகும் அரை மணி நேரம். எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் பூஜ்ஜியம். அம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாம், தாரியாவை எப்போதாவது பார்த்தால் போதும் என்கிறார் வந்தவர். ஃபூசி தலையாட்டுகிறார். யாரும் அவர் கழுத்தைப் பிடிக்கவில்லை. அப்படி மிச்சம் பிடித்த நேரத்தைத்தான் அந்த மனிதர்கள் சுருட்டாக்கிப் புகைக்கிறார்கள்.

என் 47 நிமிடமும் அதே வங்கிக் கணக்குதான். எதற்காக, யாருக்காக என்று செயலியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மோமோ நேரத்தைச் சேமிப்பதே இல்லை. வருகிறவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிறாள், அவ்வளவுதான்.

‘நிதானமாக வாழுங்கள்’ என்று உபதேசம் செய்யும் கதையாக இதைச் சுருக்குகிறவர்கள் தெருக் கூட்டும் பெப்போவை மறந்துவிடுகிறார்கள். ஓர் அடி, ஒரு மூச்சு, ஒரு வீச்சு என வேலை செய்யும் அவரை அவசரப்படுத்தவே முடியாது. மோமோ எங்களிடம் இருக்கிறாள், அவளை மீட்க ஒரு லட்சம் மணி நேரம் சேமித்துக் கொடு என்கிறார்கள். அன்றிலிருந்து மனிதர் இரவு பகலாகக் கூட்டுகிறார். ஆசைக்கு மசியாதவர் அன்பில் மாட்டிக்கொள்கிறார். நாவலின் ஆகக் கூர்மையான இடம் இதுதான்.

என் அப்பா இருபது வருஷமாக விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் எடுத்து ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். ஞாயிறும் ஓ.டி. கேட்டால், “உங்களுக்காகத்தானடா” என்பார். அது பொய்யே இல்லை.

அதனால்தான் முடிவு எனக்கு உறுத்துகிறது. மோமோ ஒரே ஒரு மணிப்பூவை வைத்துக்கொண்டு எல்லாருடைய நேரத்தையும் மீட்டுவிடுகிறாள். இடிந்த அரங்கில் வசிக்கும் அவளுக்கு வாடகை இல்லை, மோட்டார் தவணை இல்லை. சாம்பல் மனிதர்கள் மறைந்த மறுநாள் பெப்போவின் சம்பளம் கூடுமா? எண்டே அந்தப் பக்கம் போகவில்லை. கவனம் திருடப்படுவதைச் சொன்ன அளவுக்கு உழைப்பு திருடப்படுவதை அவர் சொல்லவில்லை என்பது என் குறை.

ஆனாலும் படியுங்கள். செயலியை நான் அழித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் பாலத்துக் கதைகளை மறுபடி ஆரம்பித்தார். கைப்பேசி அறையில் கிடந்தது. எத்தனை நிமிடம் கேட்டேன் என்று தெரியாது.