லா போர்த்தின் சப்பாத்தும் கேட்ஸ்பியின் இளஞ்சிவப்பு உடுப்பும்

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "அந்த ஆளு ஒரு டுபாக்கூருங்க, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். கள்ளச்சாராயப் பணம், பொய்ப்பெயர், அமெரிக்கக் கனவின் பித்தலாட்டம் என்கிற இந்த வாசிப்பு நம் இடதுசாரி நண்பர்களுக்கும் வசதியாக இருக்கிறது. எனக்கு அப்படி முடிக்க வரவில்லை. வீராம்பட்டினத்திலிருந்து வெளியே படிக்கப்போன நாட்களில் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டவர்களிடம் "அரியாங்குப்பம்" என்று சொல்லிப் பழகியவன் நான். பொய்யில்லை, கொம்யூன் அரியாங்குப்பம்தான். ஆனால் வீராம்பட்டினம் என்ற மாத்திரத்தில் கடல், வலை, சாதி எல்லாம் கேட்டவர் கண்ணில் வந்துவிடும். அதற்குள் ஒரு டீயாவது சேர்ந்து குடித்துவிடலாமே என்றிருந்தது.

கேட்ஸ்பியின் ஆக்ஸ்ஃபோர்டு இந்த ரகம்தான். குடும்ப வழக்கப்படி அங்கே படித்ததாகச் சொல்கிறான். உண்மையில் போர் முடிந்தபின் 1919இல், ராணுவ அதிகாரிகளுக்குக் கிடைத்த வாய்ப்பில், ஐந்து மாதம் இருந்திருக்கிறான். அவன் நூலகத்திலும் இதே பாதி: புத்தகங்கள் அசல், தாள்களோ வெட்டிப் பிரிக்கப்படாதவை.

வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் காட்ஸ் பதினேழு வயதில் ஜே கேட்ஸ்பி ஆகிறான். இதைப் பொய் என்று பிரதிக்குள் துப்பறிகிறவன் யார்? டாம் புக்கனன். வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று புத்தகம் படித்துப் புலம்புகிறவன், கராஜ்காரன் மனைவியை வைத்திருப்பவன். அவன் பூர்வீகத்தை யாரும் விசாரிப்பதில்லை. அவனுடைய அத்தாட்சியும் பிரமாதம்: ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் இளஞ்சிவப்பில் சூட் போடுவானா?

கதைசொல்லி நிக் மட்டும் என்ன? தன் குடும்பம் ஸ்காட்லாந்துப் பிரபு வம்சம் என்று வீட்டில் ஒரு ஐதீகம் இருப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அடுத்த மூச்சில், உண்மையான மூலவர் தாத்தாவின் அண்ணனோ தம்பியோ ஒருவர், உள்நாட்டுப் போருக்குத் தனக்குப் பதில் வேறொருவனை அனுப்பிவிட்டு இரும்புச் சாமான் வியாபாரம் தொடங்கியவர் என்கிறான். மூன்று தலைமுறை தாண்டிவிட்டால் கட்டுக்கதைக்குப் பாரம்பரியம் என்று பெயர். நம் சாதிப் புராணங்களைப் புரட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆயுளுக்குள் செய்தால்தான் மோசடி.

இந்த இடத்தில் எனக்குப் புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1870களில் இந்திய உடையோடு ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார். நீதிபதி அனுமதிக்கவில்லை. வழக்கு பிரான்சின் உச்ச நீதிமன்றம்வரை போய் அவர் பக்கம் தீர்ந்தது. நீதிபதியை உறுத்தியது சப்பாத்து அல்ல, கலப்பு என்றே நினைக்கிறேன். மேலே ஒன்று, காலில் ஒன்று. டாமுக்கு இளஞ்சிவப்பு உறுத்தியது போலத்தான்.

பின்னர் 1881 செப்டம்பர் 21இன் ஆணை வந்தது. விரும்பியவர் தம் சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ளலாம், திரும்பப்பெற முடியாது. ரெனோன்சான்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். தாழ்த்தப்பட்டோரும் கிறித்தவர்களும் இதில் கணிசம். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த், அதாவது வாசல்.

கேட்ஸ்பி தனியாக, யாருக்கும் தெரியாமல் செய்ததை இவர்கள் அதிகாரி முன்னிலையில், பதிவேட்டில், பட்டப்பகலில் செய்தார்கள். ஒளிவுமறைவு இல்லை, ஆகவே பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நடந்தது என்ன? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கினார்கள்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தவர் ஒன்று, துறக்காதவர் ஒன்று. வாசலைத் திறந்து உள்ளே வந்தால் எதிரே இன்னொரு சுவர். வெளிப்படையாக மாறினாலும் 'நீ முன்னாடி யாரு?' என்ற கேள்வி பட்டியல் வடிவில் கூடவே வருகிறது. அப்படியானால் ஒளிந்து மாறியவனை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

இதற்காகக் கேட்ஸ்பியைத் தூக்கிச் சுமக்கவும் நான் தயாரில்லை. ரெனோன்சான்கள் துறந்தது ஒரு சட்டத்தை, ஒரு படிநிலையை. கேட்ஸ்பி எந்தப் படிநிலையையும் துறக்கவில்லை. அதன் மேல்படியில் டெய்ஸிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கேட்கிறான், அவ்வளவே. வாசல்காரன் யார் என்ற கேள்வி அவனுக்கு எழுவதேயில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது: தன் குடும்பத்தில் எல்லோரும் செத்துவிட்டதாக நிக்கிடம் சொல்கிறானே, அது.

அப்பா சாகவில்லை. மகன் கொலையான செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மினசோட்டாவிலிருந்து ஹென்றி காட்ஸ் வந்து சேர்கிறார். நாவலில் நான் திரும்பத்திரும்பப் படிக்கிற பகுதி இது. இரண்டு வருடம் முன்னால் மகன் நேரில் வந்து தமக்கு வீடு வாங்கிக் கொடுத்ததைச் சொல்கிறார். செத்துப்போன தகப்பனுக்கு வீடு! மகனுடைய மாளிகையின் போட்டோ ஒன்றை, மடிப்பு விழுந்து அழுக்கேறியதை, எடுத்து எடுத்துக் காட்டுகிறார். அந்த மாளிகைக்குள் நின்றுகொண்டேதான் காட்டுகிறார். பையன் சிறுவயதில் ஒரு கௌபாய்க் கதைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்த தினசரி அட்டவணையும் அவரிடம் இருக்கிறது. தேதி 1906 செப்டம்பர் 12. பெற்றோரிடம் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒரு தீர்மானம். பெயர் மாற்றியதற்கு, தன்னைச் சாகடித்ததற்கு, கிழவர் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை.

நான் அரியாங்குப்பம் என்று சொல்லித் திரிந்தது என் அப்பாவுக்கும் தெரியும். ஒருமுறை என்னோடு படித்தவன் ஊர் தேடி வந்தபோது, வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அரியாங்குப்பத்துப் பையன் வூடுதானே? வா, இதான்" என்றாராம்.