ஒரிஜினலா, காப்பியா?

மரக்கட்டை அச்சுப் படத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, ‘இது ஒரிஜினலா, காப்பியா?’ கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

எது வெள்ளையாகத் தெரியணுமோ அதைக் கட்டையில் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கிற மிச்சத்தில் மை தடவி, காகிதத்தை வைத்துத் தேய்த்தால் படம். ஆக, முதல் தாளும் ஒரிஜினல், இருபதாவது தாளும் ஒரிஜினல். நம்ம ஊர் பணக்காரர்களுக்கு இது பிடிபடுவதில்லை. ‘இதே படம் இன்னும் பத்துப் பேர்கிட்ட இருக்குமா? அப்ப வேண்டாம்’ என்றுவிடுவார்கள்.

1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு கண்காட்சி. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியிலிருந்து பால் க்ளே, காண்டின்ஸ்கி படங்களோடு லயனல் ஃபைனிங்கரின் மரக்கட்டை அச்சுகளும் கப்பலேறி வந்தன. ஐரோப்பாவில் அன்றைக்கு அதுதான் ஆகப் புதுசு. சொல்லிக்கொள்கிற மாதிரி விற்பனை நடக்கவில்லை!

ஃபைனிங்கர் 1919-ல் செதுக்கிய ‘கதீட்ரல்’ பாருங்கள். மூன்று கோபுர உச்சி, மூன்று நட்சத்திரம். கோபுரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி கோடுகள் வெட்டிக்கொண்டு போகும். அவருடைய எண்ணெய் ஓவியங்களைவிட இது ஒரு படி மேல் என்பேன். வண்ணத்தில் மழுப்பலாம், உளியில் முடியாது.

1937-ல் ஹிட்லர் அரசு இதையெல்லாம் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி, அருங்காட்சியகங்களிலிருந்து ஃபைனிங்கரின் படைப்புகளை நூற்றுக்கணக்கில் பறித்தது. அவர் அமெரிக்கா போய்விட்டார். விட்டுப்போனவற்றை க்வெட்லின்பர்க் என்ற சின்ன ஊரில் ஹெர்மன் க்ளும்ப் என்கிற நண்பர் ஒளித்துக் காப்பாற்றினார். ஓவியங்கள் பின்னால் வாரிசுகளுக்குப் போயின. மிஞ்சிய அச்சுகளை வைத்து 1986-ல் அங்கே ஒரு கலைக்கூடமே வந்தது. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், அச்சு என்பது ரிஸ்க்கைப் பிரித்துப் போடுவது. ஒரு அலமாரியில் பறிபோனாலும் இன்னொரு அலமாரியில் இருக்கும். யாராவது அலமாரி வைத்திருக்கணும், அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு க்ளும்ப் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். போர்டு எழுதும் ஓவியர். புத்தகம் மட்டுமா, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அதை விலை கொடுத்து வாங்கியது யார்? சிகாகோ பல்கலைக்கழகம்.

மகாராஜபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் கட்டையைப் பற்றி எழுதக் காரணம், நமக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகாசி. தீப்பெட்டி லேபிள் மரக்கட்டையில் அடித்ததல்ல, அது லித்தோ. ஆனால் தலையெழுத்து ஒன்றுதான். சேர்த்து வைக்கிறவரை வீட்டிலேயே ‘குப்பை பொறுக்கி’ என்பார்கள்.

சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் அச்சுக்கலைக்கென்றே பட்டறை உண்டு. போனால் ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கீழே பென்சிலில் 5/20 மாதிரி ஒரு எண் இருக்கலாம். இருபதில் ஐந்தாவது என்று அர்த்தம். தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். கட்டை அழுத்திய தடம் தட்டுப்பட்டாலும் படும்.