'நேற்றிவ்' என்னும் ஆங்கிலச் சொல்: ஒரு பொருளாராய்ச்சி

சில ஆண்டுகளின் முன், உயர்தர வகுப்பு மாணவர்க்கு ஆங்கில நாவலாசிரியர் தோமஸ் ஹார்டியைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். 1878 ஆம் ஆண்டில் வெளிவந்த 'த ரிற்றேண் ஒவ் த நேற்றிவ்' என்னும் அவரது நாவலின் பெயரைத் தமிழிற் கூறுமாறு கேட்டபோது, ஒரு மாணவன் 'சுதேசியின் மீட்சி' என்றான். மற்றொருவன் 'ஊர் திரும்பியவன்' என்றான். மூன்றாமவன் எழுந்து, "ஐயா, நேற்றிவ் என்பது வெள்ளையர் நம்மவரை இகழ்ந்து வழங்கிய சொல்லன்றோ? அஃது ஓர் ஆங்கிலேயனுக்கு எங்ஙனம் பொருந்தும்?" என வினவினான். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அக்குறையை ஈண்டு ஓரளவு நிரப்ப முயல்கின்றேன்.

இச்சொல் இலத்தீன் மொழியிற் 'பிறத்தல்' என்னும் பொருளுடைய வினையடியாகத் தோன்றியது. இயற்கையைக் குறிக்கும் 'நேச்சர்', தேசிய இனத்தைக் குறிக்கும் 'நேஷன்' என்பனவும் அவ்வடியிற் பிறந்தனவே. ஆகவே பிறப்பால் அமைந்தது என்பதே இதன் முதற்பொருள். அதன்கண் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஆயினும், பிறப்பு ஒருவனுக்கு எதனை அளிக்கின்றது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியது. இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில், இச்சொல்லின் இலத்தீன் மூலம் பிறப்பினாலேயே நிலக்கிழாருக்கு அடிமைப்பட்ட குடியானவனைக் குறித்தது. கடல் கடந்து செல்லுமுன்னரே இச்சொல்லின் மூலம் ஆங்கில நாட்டு ஏழையைக் கட்டும் கயிறாகவும் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஷேக்ஸ்பியரிடத்து இச்சொல் வேறொரு முகம் காட்டுகின்றது. டென்மார்க்கு அரசவையின் குடிவழக்கத்தைக் கண்டிக்கும் ஹம்லெற், தான் அந்நாட்டிற் பிறந்து அவ்வழக்கத்தோடு வளர்ந்தவனாயினும் அதனைக் கைக்கொள்வதினும் கைவிடுவதே மதிப்பென்கின்றான். இங்கே பிறப்பு, தன்னவரைத் திருத்தும் உரிமையைத் தருகின்றது. 'அஸ் யூ லைக் இற்' நாடகத்தில், நாடு இழந்து வனம் புகுந்த கோமகன், அவ்வனத்து மான்களை அதன் பிறப்புரிமைக் குடிகளெனக் கூறி, அவை தம் எல்லைக்குள்ளேயே கொல்லப்படுவதற்கு இரங்குகின்றான். அவற்றின் இடத்தைக் கவர்ந்த மனிதரே கொடுங்கோலர் என்று ஜேக்விஸ் கூறியதாகவும் அங்கே அறிகின்றோம். பிறந்தவனுக்கே இடம் உரியது என்னும் நீதி இச்சொல்லினுள் அன்று ஒலித்தது.

அந்நீதியைத் தலைகீழாக்கியது குடியேற்ற ஆட்சி. தென்னாபிரிக்காவில் 1913 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலச்சட்டம் இச்சொல்லையே தன் பெயரிற் கொண்டிருந்தது. நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கர், தமக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ நூற்றுக்கு 7 வீத நிலத்திற்கு வெளியே, ஆபிரிக்கர் அல்லாதாரிடம் நிலம் வாங்குவதை அது தடுத்தது. மண்ணிற் பிறந்தவன் என்னும் பெயரே மண்ணை இழப்பதற்குக் காரணமாயிற்று. ஷேக்ஸ்பியர் மானுக்கு அளித்ததை இச்சட்டம் மனிதனுக்கு மறுத்தது.

அமெரிக்க வரலாறு இன்னும் விந்தையானது. 1840களிலும் 1850களிலும் அந்நாட்டிற் பிறந்த வெள்ளையர் சிலர், அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த கத்தோலிக்கரை எதிர்த்து, தம்மையே 'நேற்றிவ் அமெரிக்கர்' எனப் பெயரிட்டு அரசியற் கட்சி அமைத்தனர். அவர்தம் முன்னோரும் கடல் கடந்து வந்தவரே. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே தொடர் அம்மண்ணின் ஆதிக்குடிகளுக்குரியதாகப் பரவலாக வழங்கலாயிற்று. எழுத்து மாறவில்லை, சொல்லுவோர் மாறினர், பொருளும் மாறியது.

இனி ஹார்டிக்கு மீள்வோம். பாரிஸ் நகரில் வைர வணிகத்தில் அமர்ந்திருந்த கிளிம் யோப்ரைற், தான் பிறந்த எக்டன் புதர்வெளிக்குத் திரும்பி, ஏழைகட்குப் பள்ளி நடத்த விழைகின்றான். ஊரவரோ அவன் தன் தொழிலைப் பார்ப்பதே நன்றென எண்ணுகின்றனர். ஓயாத படிப்பினாற் கண்ணொளி மங்க, அவன் முட்புதர் வெட்டும் கூலியாளாகின்றான். ஒருநாள் அவனைத் தேடி வரும் தாய், புதரோடு புதராய்த் தோன்றும் ஒரு கூலியாளைத் தொலைவிற் காண்கின்றாள். அவன் நடை தன் கணவனின் நடையை ஒத்திருப்பது கண்டே மகனென அறிகின்றாள். திட்டத்தோடு வந்தவனை ஊர் ஏற்கவில்லை. உழைப்பாளியாய் வந்தவனை மண் தன்னுள் மறைத்துக்கொண்டது. பிறப்பினால் ஒருவன் ஊரவனாகின்றானா, வாழ்வினாலா என்பதே நாவலின் வினா. பெயரிலுள்ள அச்சொல்லே அவ்வினாவைத் தாங்குகின்றது. இதனை உணராது அப்பெயரை வெறுஞ் செய்தியாகக் கொள்வோர், நூலின் வாயிலிலேயே நின்றுவிடுவர்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லாமை குறையன்று. மொழியோடு சேரின் 'தாய்மொழி' என்போம். ஊரோடு சேரின் 'பிறந்த ஊர்' என்போம். மக்களோடு சேரின் 'பூர்விகக் குடிகள்' என்போம். 'சுதேசி' என்பதோ 1905 ஆம் ஆண்டில் வங்கத்தில் எழுந்த இயக்கத்தின் பின் பெருமிதம் பெற்றது. அதனாலன்றோ 'சுதேச வைத்தியம்' என்று நாம் நாணமின்றிக் கூறுகின்றோம். ஆயின் ஹார்டியின் நாயகனுக்கு அச்சொல் பொருந்தாது. அதன்கண் அன்னியராட்சியின் நிழல் படிந்துள்ளது.

அம்மாணவனுக்கு இன்று நான் கூறும் விடை இதுவே: தன்னைக் குறித்துச் சொல்லுங்கால் இச்சொல் பெரும்பாலும் அன்பு, ஆள்பவன் ஆளப்படுபவனைக் குறித்துச் சொல்லுங்கால் இகழ்ச்சி, சட்டம் சொல்லுங்கால் சில வேளைகளில் விலங்கு. ஆதலின் அகராதியைத் திறக்குமுன், யார், யாரை நோக்கி, எந்நிலத்தில் நின்று சொல்லுகின்றார் என்று வினவுக. தம்பி, நீ கேட்ட வினா பிழையன்று. அவ்வினாவோடு நூலைப் படித்தலே திறனாய்வின் முதற்படி. 'ஊர் திரும்பியவன்' என்ற உன் தோழன் நூலுக்கு அண்மையில் நின்றான். ஆயினும் 'திரும்பியவன் ஊரவனா?' என்னும் ஐயத்தையும் உடன்கொண்டு படித்தாலன்றி அப்பெயர் முழுமை பெறாது.