வணிக இதழியல் விருதுகளும் அவற்றின் அளவுகோல்களும்

ஒரு விருதை எடைபோட அதன் பிரிவுப் பட்டியலைப் பார்த்தால் போதும். யார் வாங்கினார் என்பது அந்த ஆண்டுச் செய்தி. எந்தெந்தத் தலைப்பில் கொடுக்கிறார்கள் என்பதில்தான், எதை நல்ல எழுத்தென்று அந்த அமைப்பு மதிக்கிறது என்பது தெரியவரும். பணத்தைப் பற்றிய எழுத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். செய்தியாளருக்குத் தகவல் தருபவர், பத்திரிகைக்கு விளம்பரம் தருபவர், சில வேளை பரிசுக்கு நிதி தருபவர் எல்லோரும் அங்கே ஒரே வட்டாரத்து மனிதர்கள்.

அமெரிக்காவின் ஜெரால்ட் லோப் விருதே இதற்குச் சான்று. 1957இல் அதை நிறுவிய லோப், இ.எஃப். ஹட்டன் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் பங்குதாரர். தனி முதலீட்டாளருக்கும் பொதுமக்களுக்கும் விவரம் சொல்லி அவர்களைக் காக்கும் எழுத்தை வளர்ப்பது விருதின் நோக்கம். தரகர் ஒருவர் தொடங்கிய பரிசில் ‘காப்பது’ இடம்பெற்றதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். நாளிதழ், பருவ இதழ் என்று தொடங்கிய விருதை 1973 முதல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி நடத்துகிறது. புலனாய்வு, விளக்கக் கட்டுரை, உடனடிச் செய்தி, பத்தி எழுத்து, உள்ளூர்ச் செய்தி, தனிநபர் நிதி, ஒலி, காணொளி என்று பிரிவுகள் இன்று பத்தைத் தாண்டிவிட்டன. பெயர் வெளியே தெரியாமல் பிரதியைச் செப்பனிடும் ஆசிரியருக்கும் லாரன்ஸ் மினார்ட் பெயரில் ஒரு விருது உண்டு. நம் ஊர்ப் பரிசுகளில் இந்த ஆளை யாரும் நினைப்பதேயில்லை.

அமெரிக்க வணிகச் செய்தி ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் சங்கம் 1995 முதல் தரும் விருதுகள் செய்தி நிறுவனத்தின் அளவையும் பார்க்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் பத்திரிகையை ஆயிரம் பேர் கொண்ட நிறுவனத்தோடு மோதவிடாத நியாயம் அதில் இருக்கிறது.

பிரிட்டனின் மரபு வேறு. ஃபைனான்சியல் டைம்ஸில் பத்தி எழுதிய ஹரால்ட் வின்காட் 1969இல் மறைந்தபின் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை இதழியல் விருதுகளோடு நினைவுச் சொற்பொழிவும் நடத்தியது. 1970இல் முதல் சொற்பொழிவு ஆற்றியவர் மில்டன் ஃப்ரீட்மன். பத்தி எழுத்தையும் கொள்கை வாதத்தையும் செய்தி சேகரிப்புக்கு இணையாக வைக்கும் மரபு இது. ஜெர்மனியில் லுட்விக் எர்ஹார்ட் பெயரிலான பரிசு இன்னும் வெளிப்படையானது. சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்ற கொள்கையின் பக்கம் நின்றே அது எழுத்தாளரைத் தேர்கிறது. சார்பை மறைக்காத பரிசோடு சண்டை போடுவது எளிது.

ஆனால் எந்தப் பிரிவாலும் எளிதில் அளக்க முடியாத ஒன்று உண்டு: காலம். 2001 மார்ச்சில், அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் எப்படித்தான் சம்பாதிக்கிறது என்று ஃபார்ச்சூன் இதழில் பெத்தனி மெக்லீன் கேட்டார். டிசம்பரில் என்ரான் திவால். அதே ஃபார்ச்சூன் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து என்ரானை அமெரிக்காவின் மிகப் புதுமையான நிறுவனமாகக் கொண்டாடியிருந்தது. சிஎஃப்ஓ என்ற இதழோ 1999இல் என்ரானின் நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோவுக்கு விருதே கொடுத்தது. அவர் பிற்பாடு சிறைக்குப் போனார். ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டின் கதை இதைவிடக் கசப்பானது. ஃபைனான்சியல் டைம்ஸின் டான் மெக்ரம் அதன் கணக்குகளை 2015 முதல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். 2019இல் நிதி ஒழுங்குமுறை அமைப்பான பாஃபின், எழுதியவர்கள்மீதே குற்றப் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு சரிந்தது. மாலை பிறகு வந்தது. புகார் முதலில் வந்தது. சரிவுக்கு முன்பே எழுதியதற்கென்று ஒரு தனிப் பிரிவு வைத்தால், முதலில் கைதட்டுபவன் நான்.

இந்தியாவில், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் வங்கிப் பண மோசடியை 1992 ஏப்ரலில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் வெளிக்கொணர்ந்தார். அவருக்குச் சமேலி தேவி ஜெயின் விருதும், 2006இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அதே 2006இல் முதன்முறை வழங்கப்பட்ட ராம்நாத் கோயங்கா விருதுகளில் வணிக, பொருளாதார இதழியலுக்கு ஒரு பிரிவு உண்டு. பிராந்திய மொழிகளுக்கு வேறொரு பிரிவு. பொருளுக்கு ஒரு பெட்டி, மொழிக்கு ஒரு பெட்டி. தமிழில் வங்கி மோசடியைத் தோண்டும் செய்தியாளர் எந்தப் பெட்டிக்குள் தன் கட்டுரையைப் போடுவார்?

தமிழ்நாட்டில் இப்படித் தோண்ட வேண்டியவை குறைவில்லை. தேக்குத் திட்டத்தில் பணம் போட்டவர்களை 1990களின் இறுதியில் தவிக்கவிட்ட அனுபவ் பிளான்டேஷன்ஸ் நம் நினைவில் இருக்கிறது. 2022இல் வழக்குக்கு உள்ளான ஆருத்ரா கோல்டு நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது காவல்துறைக் கணக்கு. இத்தகைய நிறுவனங்களின் மாத வட்டி விளம்பரத்தை முதலில் பார்ப்பவர் ஆரணியிலும் செய்யாறிலும் இருக்கும் உள்ளூர் நிருபர். நம் பத்திரிகையாளர் சங்கங்களும் இதழ் நிறுவனங்களும் தமிழில் இரண்டு பிரிவுகளாவது தொடங்க வேண்டும்: ஒன்று சேமிப்பவரைக் காக்கும் எழுத்துக்கு, மற்றொன்று மாவட்ட நிருபரின் வணிகச் செய்திக்கு. அவற்றுக்கான நிதியை எந்த நிதி நிறுவனத்திடமும் வாங்க வேண்டாம்.