மாற்று உலகமும் மணல் இழந்த கரையும்

அண்மைக் காலமாக நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அறிவியல் புனைகதைகளும் மாயப் புனைவுகளும்தான். இல்லாத ஓர் உலகைப் படைக்கும் எழுத்தாளர், அங்கே தாம் செய்யும் மாற்றத்தின் விலையை யார் தலையில் வைக்கிறார்? ஒவ்வொரு நூலிலும் இதையே தேடினேன். புதுச்சேரியின் மீனவர் குப்பமான எங்கள் வைத்திக்குப்பத்தில் இருந்து படிப்பவருக்கு இந்தக் கேள்வி தானாக எழும். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே, எங்கள் பக்கம், கடல் கரையை அரித்தது. வலை உலர்த்திய மணல் போய்க் கருங்கற்கள் வந்தன.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் எதிர்காலமாக இருந்த 2021ஐ நாம் கடந்துவிட்டோம். ஆனாலும் குடிமக்களை எண்களால் ஆளும் அரசும், பிள்ளை பெறவும் அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பமும், படித்துப் படித்தே சுயமாகச் சிந்திக்கத் தொடங்கும் இயந்திர நாய் ஜீனோவும் இன்றும் மனத்தை உலுக்குகின்றன. நடையின் வேகம் சுஜாதாவின் பெரும்பலம். அந்த வேகத்தில் நிலம் நழுவிவிடுவதுதான் குறை. அந்த எதிர்கால உலகின் வசதிகள் யார் உழைப்பில் வந்தன, வயலும் கடலும் என்ன ஆயின என்று கதை நின்று கேட்பதில்லை.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ தீவுகளால் ஆன உலகைக் காட்டுகிறது. இளம் மந்திரவாதி கெட், மீன்பிடித் தீவொன்றில் வேலைக்கு அமர்ந்து, படகு கட்டுபவனிடம் கடலோடக் கற்கிறான். ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறண்டு போகலாம் என்பது அவன் பெறும் பாடம். எங்கள் கரைக்கு நேர்ந்ததை இவ்வளவு துல்லியமாக உணர்த்திய கதையை நான் வேறெங்கும் படிக்கவில்லை. அதிலும் குறை உண்டு: மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டுமே உரியது, பெண்கள் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள். அந்தக் குறையை லெ குவினே 1990இல் வெளிவந்த ‘தெஹானு’வில் நேராக எதிர்கொண்டார்.

அற்புதத்தை அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவருவதில் புதுமைப்பித்தனை மிஞ்ச இன்னும் ஆள் இல்லை. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார், காபி குடிக்கிறார், வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆகிறார். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலிய சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திறங்கும் வைத்திக்குப்பத்து மக்களுக்கு இந்த நெருக்கம் புதிதல்ல. ஆனால் கடவுள் வந்துபோன பிறகும் கந்தசாமிப் பிள்ளையின் உலகம் அப்படியே இருக்கிறது. ஒரு மாற்றம் ஊரையே புரட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று சொல்லச் சிறுகதையின் அளவு போதாது.

ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு, சித்த மருத்துவம் போன்ற நம் அறிவு மரபுகளிலிருந்து அறிவியல் கேள்விகளை எழுப்புகிறது. தமிழுக்கு அது திறந்த வழி பெரிது. எனினும் பல இடங்களில் பாத்திரங்கள் வாழ்வதைவிட விளக்குவதே மிகுதி. கருத்து மனத்தில் தங்கும் அளவுக்கு மனிதர்கள் தங்குவதில்லை.

ஆகவே இந்தப் புனைவுகளை வெறும் தப்பித்தல் என்று தள்ளுவது தவறு. விளைவு எங்கோ தொலைவில் விழுகிற காரியங்களைக் காட்ட இவற்றைவிடத் தகுந்த வடிவம் இல்லை. அதே சமயம், வியப்பை மட்டும் தந்துவிட்டு விலையை மறைக்கும் புனைவு தன் வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறது. சுஜாதாவின் வேகம், லெ குவினின் அறம், புதுமைப்பித்தனின் ஊர்ப்பழக்கம் மூன்றும் சேர்ந்த ஒரு நாவல் தமிழுக்கு வேண்டும். கடல் ஏறும் இந்த நூற்றாண்டில், கரையில் வாழ்பவர்களை நடுவில் நிறுத்தி அதை எழுத வேண்டும். அதற்கான கதைக்களம் நம் கடற்கரை நெடுகக் கிடக்கிறது.