மறுப்பும் வசையும்

பாசிர் ரிஸ் வட்டாரத்தை அடுத்த லோயாங்கில் தோவா பெக் கோங் ஆலயம் ஒன்றுளது. 1980-களில் நண்பர் சிலர், கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த தெய்வ வடிவங்களை எடுத்துவைத்து எழுப்பிய குடிலே அதன் தொடக்கம். 1996-இல் தீக்கிரையாயிற்று, 2007-இல் இப்போதுள்ள இடத்திற்குப் பெயர்ந்தது. அங்கே சீனர் தெய்வங்கட்கு அயலில் விநாயகர் சந்நிதி. மலாய்ப் பெரியார் ஒருவர் நினைவாக டத்தோ கிராமாட்டும் உண்டு. மூன்று வழிபாடுகள் ஒரு கூரையின்கீழ் ஒன்றையொன்று நெருக்காது நிற்கின்றன. நம்மவர் இருவர் சமயம் பேசத் தொடங்கினாலோ, மூன்றாம் வாக்கியத்தில் வாதம் ஒழிந்து வசை பிறக்கிறது. இதன் காரணம் யாது?

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கல்வியிற் சிறந்தோரையும் அது விட்டதில்லை. 1867-இல் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தன. திருமுறைகளுக்கே உரிய பெருமையை இப்பாடல்களுக்கு வழங்கலாமோ என்று ஆறுமுக நாவலர் தரப்பினர் வினவினர். வினா தக்க வினாவே. அருள் நூல் எது, அதனைத் துணிபவர் யார் என்பன ஆராயத்தக்க பொருள்கள். ஆனால் நடந்தது யாது? 'அருட்பா' என்னும் சொல்லின் முன் ஒரு மெய்யைச் சேர்த்து 'மருட்பா' என்றனர். மருட்பா என்பது யாப்பிலக்கணத்தில் குற்றமற்ற ஒரு பாவின் பெயர். இங்கோ அது மயக்கப் பாட்டு என்னும் ஏளனமாயிற்று. கேட்டோர் நகைத்தனர், நகைத்ததனாலேயே வாதம் முடிந்ததென்று எண்ணினர். சிலேடை ஒருபோதும் நியாயமாகாது. எதிர்த்தரப்பாரும் பொறுமை காத்தாரல்லர். ஏச்சுக்கு ஏச்சு ஏறி, 1869-இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

இருவரும் மறைந்த பின்னும் பூசல் மறையவில்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை அதனை மீண்டும் எழுப்பினார். 1904-இல் வழக்கு வந்தபோது, அவர் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனார் ஆசிரியருக்காகச் சான்று கூறச் சென்று தம் பள்ளி இறுதித் தேர்வை இழந்தார். பெரியோர் பூசலுக்கு இளைஞர் கட்டும் வரி இது! அருட்பாவின் பக்கம் நின்று பேசினவர் யாரெனின், கோட்டாற்று இசுலாமியப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர். பிற சமயத்தார் ஒருவர் நம் நூலைக் கற்று, அதன் பொருட்டு வழக்காடினார். அவருடைய தகுதி அவர் பிறந்த சமயத்தால் வந்ததன்று, கற்றதனால் வந்தது. சமயவாதம் புரிவோர் அனைவர்க்கும் இஃதொரு பாடம்.

இனி மருந்தைக் காண்போம். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறங் கேட்ட காதையைப் படித்தவர் அதன் அமைப்பைக் கருதுக. வஞ்சி மாநகரில் அளவை வாதி முதல் பூதவாதி ஈறாகப் பலரையும் மணிமேகலை அணுகி, நும் கொள்கையை உரைமின் என்கிறாள். ஒவ்வொருவரும் தத்தம் நெறியைத் தம் வாயாலேயே கூறுகின்றனர். சாத்தனார் பௌத்தர், எனினும் பிறர் கொள்கையை அவரவர் பெயரிட்டு, அவரவர் கலைச்சொல்லாலேயே எழுதுகிறார். கேட்டவை நல்லவையல்ல என்று மணிமேகலைக்குத் தோன்றியும் அவள் வாளா இருக்கிறாள். காட்சியொன்றே அளவை என்னும் பூதவாதியிடத்து மட்டும் நகைக்கிறாள். அவன் விடை கூறவே, நின் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள். நகைப்பும் உண்டு; ஆனால் நகைப்போடு நில்லாமல் வினா தொடர்கிறது. அவ்வினா கொள்கையைத் தைக்கிறது. மருட்பாக்காரரின் நகைப்போ ஆளைத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியே மறுப்புக்கும் வசைக்கும் உள்ள இடைவெளி.

பிறரைக் குறை கூறும் யாம் எம் குறையை மறைத்தல் நேர்மையன்று. தோட்டத்துப் படிப்பகக் கூட்டமொன்றில் காவடி எடுப்போரைப் பற்றிக் கட்டுரை படித்தோம். ஆங்கிலப் பள்ளியிற் கற்ற மிடுக்கில் அவர்களை 'மந்தை' என்றோம். கைதட்டல் பலமாக இருந்தது. கள்ளுக்கடையை மூட முன்னின்று உழைத்த முதியவர் ஒருவர் எழுந்து, "கிராணி ஐயா, பிள்ளை பிழைக்க வேண்டுமென்று என் தாய் காவடி எடுத்தாள். அவள் செய்தது தவறென்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவளை மாடென்று சொல்லாதீர்கள்" என்றார். பின்னர் அவர் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. எமக்குக் கைதட்டல் கிடைத்தது. சீர்திருத்தம் ஓர் உழைப்பாளியை இழந்தது.

மென்மையாகப் பேசினால் மூடப்பழக்கம் ஒழியுமா என நண்பர் வினவுவர். 1929-இல் பெரியார் மலாயாவிற்கு வந்தபோது இனிப்பாகவா பேசினார் என்பர். உண்மை, அவர் சொல் காரமானது. ஆயினும் தாம் கூறுவதை அப்படியே நம்பாது அவரவர் அறிவால் ஆராய்ந்து கொள்க என்று கேட்போரை வேண்டியவரும் அவரே. அவ்வேண்டுகோளை விடுத்துக் காரத்தை மட்டும் கைக்கொண்டோர் நம்மிற் பலர். யாம் கேட்பது மௌனமன்று. தீண்டாமையைத் தீமை என்றும், பொய்யைப் பொய் என்றும் உரக்கக் கூறுக. செயலைக் கண்டிக்க, செய்தவனின் பிறப்பையும் அறிவையும் தாயையும் இழுக்காதொழிக.

சிங்கப்பூருக்கு இது ஏட்டுப் பாடமன்று. மரியா ஹெர்தோக் என்னும் சிறுமியின் வழக்கை ஒட்டி, 1950 திசம்பரில் எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர்; 173 பேர் காயமுற்றனர். அவள் கன்னிமாடத்தில் இருந்த படங்களும் செய்திகளும் பத்திரிகைகளில் வெளிவந்து மனங்களைக் கொதிக்கச் செய்தன. 1990-இல் சமய நல்லிணக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கலகத்தைத் தடுக்கலாம். சொல்லுக்குப் பண்பை ஊட்டவல்லது அன்று. அது எழுதுவோர் கடமை.

ஆகவே பேனா எடுப்போர்க்கு ஒரே அளவுகோல் கூறுவோம். எதிராளியின் கொள்கையை எழுதி அவரிடமே படித்துக் காட்டுக. 'ஆம், யான் கொள்வது இதுவே' என்று அவர் ஒப்பிய பின்னர் மறுக்கத் தொடங்குக. அவர் ஒப்பாத இடத்து நாம் மறுப்பது அவரையன்று. நாமே கட்டிய பொம்மையை.