முட்டுச்சந்தும் நாற்சந்தியும்: அமெரிக்க நகர விரிவு ஆய்வில் ஓர் அளவையின் எல்லைகள்

பாரிங்டன்-லீ, மில்லார்டு-பால் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களின் நூற்றாண்டுக்கால விரிவைத் தெருவமைப்பைக் கொண்டு அளந்தது. ஒரு கணுவில் கூடும் தெருக்கிளைகளின் எண்ணிக்கையே அதன் முதன்மை அளவை: முட்டுச்சந்துக்கு 1, முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4. புதிய தெருக்களில் இச்சராசரி பல பத்தாண்டுகள் சரிந்து, 1990களின் நடுப்பகுதியிலிருந்து மீளத் தொடங்கியது என்பது அதன் முடிவு. கட்டடங்கள் மாறினாலும் எளிதில் மாறாத தெருக்களைச் சான்றாகக் கொண்டது இவ்வாய்வின் வலிமை.

எனினும் இவ்வளவை இணைப்பின் வகையைக் காட்டுகிறதே தவிர, நடப்பவர் கடக்கும் தொலைவைக் காட்டுவதில்லை. போர்ட்லாந்து நகரமையத்தில் மனைத்தொகுதியின் பக்கம் 200 அடி. சால்ட் லேக் சிட்டியின் மையத்தில் 660 அடி. இரண்டும் நாற்சந்திக் கட்டங்களே. இரண்டுக்கும் மதிப்பு 4. மறுதலையாக, 1929இல் நியூ ஜெர்சியில் உருவான ராட்பர்ன் குடியிருப்பின் முட்டுச்சந்துகளைப் பூங்காவழி நடைபாதைகள் இணைக்கின்றன. வாகனத் தெருக்களை மட்டும் கணக்கிட்டால் அதுவும் துண்டுபட்ட ஊராகவே தோன்றும்.

ஆகவே இம்மீட்சியை நடைவசதியின் மீட்சியாகக் கொள்வதற்குமுன் இரண்டு செய்யப்பட வேண்டும். ஒன்று, கணுவெண்ணோடு தொகுதியின் நீளத்தையும் நடைபாதைகளையும் சேர்த்து அளத்தல். மற்றொன்று, புதிய தெருக்களின் போக்கையும் முன்பே அமைந்த தெருக்களின் நிலையையும் பிரித்தறிதல். புதியவை திருந்தினும் முந்தைய பத்தாண்டுகளின் முட்டுச்சந்துகள் பெரும்பாலும் அப்படியே நீடிக்கின்றன. அங்கு வாழ்வோர்க்கு அத்திருப்பம் இன்னும் நிகழவில்லை.